ஜெபமும் மாத்திரையும்: நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்

மனநலப் பிரிவில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் பின் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருந்தின் அளவைக் கேட்டவர்கள் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

அக்கா, என் கணவர் பைபோலார் நோய்க்கு (மனம் அளவுமீறி எழும்பியும் சோர்ந்தும் மாறும் நோய்) லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். சபையில் 21 நாள் உபவாச ஜெபம் தொடங்குகிறது. அவரும் உபவாசம் இருக்கலாமா?

வேண்டாம். இதைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி, ஏனென்றால் பலர் கேட்பதே இல்லை. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. அதனால்தான் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம் அதிகமாவது, நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும்.

உபவாசத்தின் ஐந்தாம் நாளில் ஓர் இளைஞரை எங்கள் வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். அவருடைய கை இரண்டு நாளாக நடுங்கியிருக்கிறது. பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கியதாக நினைத்து, கூட இருந்தவர்கள் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார். உங்கள் கணவர் சாப்பாட்டையும் தண்ணீரையும் விடாமல் ஜெபத்தில் உட்காரட்டும். போதகரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். எல்லார் முன்னிலையிலும் அவர் காரணம் சொல்லும்படி ஆக வேண்டாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடவா?

பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம்வரை ஆகலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவா?

இந்தக் கேள்வி மட்டும் ஏழு சீட்டில் இருந்தது. இல்லை. ஏழு பேருக்கும் இதுதான் பதில். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சகோதரி, நான் ஒரு போதகன். லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவனை இயேசு மருந்தில்லாமல் விடுவித்தார். மனநோய் என்று நீங்கள் சொல்வதில் பாதி பிசாசின் கிரியையே. விடுதலை ஊழியத்தை ஏன் தடுக்கிறீர்கள்?

ஐயா, ஜெபத்தை நான் தடுக்கவில்லை. மாற்கு 5-ஐ இன்னொரு முறை வாசியுங்கள். அந்த மனிதனைச் சங்கிலியால் கட்டியது ஊரார். ஆண்டவர் அவனைக் கட்டவில்லை, அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. புத்தி தெளிந்தபின் அவனை வீட்டுக்கு, அவன் இனத்தாரிடம் அனுப்பினார். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதையே தடை செய்திருக்கிறது. ஜெபவீடு என்று பெயர் வைத்தாலும் சட்டம் அதுதான். மத்தேயு 4:24-லும் பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறது.

அதே மத்தேயு 17-இல் சந்திரரோகியான பையனிடமிருந்து இயேசு பிசாசைத் துரத்தினார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி ஐயா, இதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. அந்தப் பையனுக்கு நடந்ததை அப்படியே நம்புகிறேன். ஆனால் சந்திரரோகம் என்று நம் வேதாகமம் சொல்வதை இன்று வலிப்பு நோய் என்கிறோம். உங்கள் சபையில் வலிப்பு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய மாத்திரையை நிறுத்தச் சொல்கிறீர்களா? மாட்டீர்கள். ஜெபிக்கிறீர்கள், மாத்திரையும் கொடுக்கச் சொல்கிறீர்கள். அதே வசனத்தை வைத்துக்கொண்டு வலிப்புக்கு ஒரு நியாயம், மனச்சிதைவுக்கு ஒரு நியாயம் எப்படி? காதில் குரல் கேட்கிறது என்று அழும் ஒரு பெண்ணிடம் ‘உனக்குள் பிசாசு’ என்று நீங்கள் சொன்னால், அந்தக் குரலோடு உங்கள் குரலும் சேர்ந்துகொள்கிறது. இராத்திரி முழுக்க அவள் உங்கள் சொல்லையும் கேட்டுக்கொண்டிருப்பாள். இரவுப் பணியில் அப்படிப்பட்டவர்களின் அருகில் உட்கார்ந்திருக்கிறேன், ஐயா. ஜெபம் செய்யுங்கள், கையோடு ஆஸ்பத்திரிக்கும் அழைத்து வாருங்கள்.

மகளுக்கு மனநோய் என்று ஐயரம்மாவிடம் (போதகரின் மனைவியிடம்) நம்பிச் சொன்னேன். ஞாயிறு ஆராதனையில் ஜெபக்குறிப்பாக, பேரோடு வாசித்துவிட்டார்கள்.

இது பெரிய தவறு. அவர்களிடம் நேரில் போய் இது தவறு என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ‘ஒரு சகோதரிக்காக’ என்றால் தேவனுக்கு ஆள் யாரென்று தெரியாதா? மகளிடம் நீங்களே மன்னிப்புக் கேளுங்கள். அவள் இனி யாரிடமும் வாய் திறக்காமல் போய்விடக் கூடாது.

பெண்ணுக்கு நோய் இருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கலாமா?

கூடாது. மறைத்தால் திருமணத்துக்குப் பின் மாத்திரையையும் மறைவாகச் சாப்பிட வேண்டும். பிறகு மாத்திரையே நின்றுவிடும்.

தம்பி இரண்டு நாளாக ‘இனி யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன்’ என்கிறான். ஜெபக்குழுவிடம் சொல்லியிருக்கிறேன்.

இதை வாசித்ததும் எழுந்து அவனிடம் போங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்தும் மாத்திரைகளும் அவன் கைக்கு எட்டாமல் வேறு வீட்டுக்குப் போகட்டும். அவனைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். இன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஜெபக்குழுவில் ஒருவர் கூட வரட்டும்.

சபையாக நாங்கள் என்ன செய்யலாம்?

‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதிய ஜான் நியூட்டன், இங்கிலாந்தில் ஓல்னி என்ற சிற்றூரில் போதகராக இருந்தார். அவருடைய நண்பர், பாமாலைக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1773-இல் மனம் உடைந்து, தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நம்பினார். நியூட்டன் அவரைத் தம் போதகர் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பரின் அந்த நம்பிக்கையின்மை கடைசிவரை முழுதாக நீங்கவில்லை. நியூட்டனும் அவரைக் கைவிடவில்லை.

உங்கள் ஊரில் இப்படித் தொடங்கலாம்: அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு மாதாமாதம் மருந்து வாங்கப் போகும் தாய்மார்கள் சபையில் யாரென்று அமைதியாக விசாரியுங்கள். ஒருவர் பஸ்ஸில் கூடப் போகட்டும். இன்னொருவர் அன்றைக்கு அந்த வீட்டில் சோறு வடிக்கட்டும்.