கல்வி, குடித்தொகை ஆய்வில் ‘போஸ்ட்டொக்’ நல்கை என்றால் என்ன?

கலாநிதிப் பட்டம் பெற்றவர் மூத்த ஆய்வாளர் ஒருவரின் துணையுடன் ஓரிரு ஆண்டுகள் சொந்த ஆய்வு செய்யக் கிடைக்கும் ஊதியம் இது. ஆய்வேடு பெரும்பாலும் ஒரு குறுகிய கேள்விக்கே விடை தரும். உடனே விரிவுரையாளரானால் கற்பித்தலே நேரத்தை விழுங்கிவிடும். அந்த இடைவெளிக்காகவே இந்த நல்கை.

அரங்கேற்றம் முடித்த இணுவில் தவில்காரர், மூத்த வித்துவானுடன் திருவிழாக்களில் வாசித்துத் தனக்கென ஒரு வாசிப்புப் பாணியைக் கண்டுபிடிப்பது போன்றது.

தீவகப் பாடசாலையொன்றில் பிள்ளைகள் குறைந்தால், காரணம் பிறப்புக் குறைவா, புலப்பெயர்வா, நகரப் பாடசாலை நாட்டமா? கல்வியையும் குடித்தொகையையும் சேர்த்துப் பார்க்காமல் விடை கிடையாது. 1981க்குப் பின் இலங்கையின் வடக்கில் முழுமையான குடிசனக் கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. நம் பிள்ளைகளே ஆராய வேண்டிய இடைவெளி அது.

பல நல்கைகளுக்குப் பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பலர் நினைப்பதுபோல் இது இன்னொரு பட்டப்படிப்பு அல்ல; பரீட்சையும் பட்டமும் இல்லாத ஆய்வுப் பணி.