பழைய மேனுவல் லென்ஸ்களை இன்றைய மிரர்லெஸ் கேமராவில் பொருத்திப் படமெடுக்கலாமா?

மதுரையில் ஸ்டூடியோ நடத்திய தமது பெரியப்பாவின் பீரோவிலிருந்து 58 மி.மீ. ஹீலியோஸ் 44-2 ஒன்றும், கண்ணாடி மஞ்சளாகிப்போன 50 மி.மீ. எஃப்/1.4 சூப்பர் டக்குமார் ஒன்றும் கிடைத்திருப்பதாகவும், அவற்றைத் தம்மிடமுள்ள சோனி ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவில் பயன்படுத்தலாமா என்றும் நண்பர் கேட்டிருக்கிறார். தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால், ஃபோகஸைக் கையாலேயே செய்ய வேண்டும் என்பதால், நின்று நிதானமாக எடுக்கும் படங்களுக்குத்தான் அவை உங்களுக்குக் கைகொடுக்கும்.

இரண்டுமே எம்42 எனப்படும் திருகு மவுண்ட் லென்ஸ்கள், அதாவது கேமராவில் திருகிப் பொருத்துபவை. இவ்வகை லென்ஸ், தான் அமரும் வளையத்திலிருந்து 45.46 மி.மீ. பின்னால் ஃபிலிம் இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. உங்கள் கேமராவின் சோனி இ மவுண்டில், ஃபிலிமின் இடத்திலுள்ள சென்சார் 18 மி.மீ. தொலைவிலேயே இருப்பதால், மீதியுள்ள ஏறத்தாழ 27 மி.மீ. இடைவெளியை உள்ளே கண்ணாடியே இல்லாத ஓர் உலோகக் குழாய் நிரப்பிவிடுகிறது. அடாப்டர் என்பது அவ்வளவுதான். உள்ளே மிரர் வைத்த நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. என்பதால், இதே லென்ஸை அவற்றில் வெறும் வளையம் வைத்துப் பொருத்தினால் தொலைவிலுள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது. அதைச் சரிசெய்யக் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் படத்தின் கூர்மையைக் குறைத்துவிடும். பழைய லென்ஸ்களுக்கு மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகே மறுவாழ்வு கிடைத்தது என்பதற்குக் காரணம் இதுதான்.

பொருத்தியவுடன் ஷட்டர் இயங்கவில்லை என்று திகைக்க வேண்டாம். லென்ஸ் இல்லாதபோதும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்கிவிடுங்கள். உங்கள் கேமராவின் உடலிலேயே அதிர்வைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால், லென்ஸின் ஃபோக்கல் லெங்த்தை (58 மி.மீ., 50 மி.மீ. என்ற அளவை) கையால் பதிவுசெய்யுங்கள். லென்ஸ் அதைத் தானாகச் சொல்லாது. அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, நீங்கள் லென்ஸில் வைத்தால், அபர்ச்சர் முன்னுரிமை முறையில் ஒளி அளவை கேமராவே பார்த்துக்கொள்ளும். ஃபோகஸான விளிம்புகளுக்கு நிறமிட்டுக் காட்டும் பீக்கிங் வசதியை விட, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்வதையே நான் நம்புகிறேன். எஃப்/2 அபர்ச்சரில் இரண்டு மீட்டர் தொலைவிலிருக்கும் முகத்தை 50 மி.மீ. லென்ஸால் எடுக்கும்போது, தெளிவாக விழும் பகுதியின் ஆழம் மொத்தம் 20 செ.மீ. கூட இராது, இமை தெளிவா, காது தெளிவா என்பதைப் பீக்கிங் பல நேரம் பிரித்துக் காட்டுவதில்லை.

ஹீலியோஸின் சிறப்பு, பின்னணி சுழல்வதுபோல் தோன்றுவது. ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் வடிவமைப்பைப் பின்பற்றிச் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட லென்ஸ் அது. அந்தச் சுழற்சி எல்லா இடத்திலும் வராது. அபர்ச்சரை முழுதாகத் திறந்து, ஆளை அருகில் நிறுத்தி, பின்னால் சற்றுத் தள்ளி வெயில் ஊடுருவும் இலைகள் இருக்க வேண்டும். அழகர்கோவில் மலைப்பாதை மரங்கள் இதற்கு மிகவும் பொருத்தம். திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளுக்கிடையே எதிர்வெயில் விழும் நேரத்தில் எடுத்தால், லென்ஸ் கண்ணாடி மேலுள்ள அக்காலத்து எளிய பூச்சு காரணமாகப் படம் முழுவதும் வெளிறிப்போகும். சிலர் அதைத்தான் விரும்பி எடுக்கிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடில்லை, லென்ஸ் முனையில் வெயிலை மறைக்கும் ஹூட் மாட்டிவிடுவேன். (மீனாட்சியம்மன் கோவிலுக்குள் கேமராவே கூடாது என்பதால் அங்கே எந்த லென்ஸ் சிறந்தது என்ற கேள்விக்கு இடமில்லை.)

டக்குமாரின் மஞ்சள் நிறம் அழுக்கு அன்று, துடைத்தால் போகாது. அந்த லென்ஸின் பல பிரதிகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அதன் கதிரியக்கத்தால் ஆண்டுகள் செல்லச்செல்லக் கண்ணாடி பழுப்பேறுகிறது. சாதாரணமாகப் பயன்படுத்துவதால் தீங்கில்லை. கண்ணாடியைக் கழற்றித் தேய்க்கும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். புறஊதா ஒளி பட்டால் நிறம் பெருமளவு நீங்கும். வெயிலில் வைப்பது வழக்கம்தான் என்றாலும், சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் ஃபோகஸ் வளையத்திலுள்ள கிரீஸ் இளகி அபர்ச்சர் இதழ்களுக்குப் பரவக்கூடும், மூடியில்லாத லென்ஸ் சூரியனைக் குவித்துத் தீமூட்டவும் கூடும். ஆகவே சிறிய புறஊதா எல்.ஈ.டி. விளக்கை மேலே வைத்துச் சில நாட்கள் விடுவதே நல்லது.

அதற்கும் முன்பாக, லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. ஆண்டு முழுவதும் காய்ந்து கிடக்கும் ஊரில் இது எப்படி வரும் என்று நினைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தோல் உறையே போதும். உறையை அப்புறப்படுத்திவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் போதும்.

அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் இவற்றை எடுத்துச்செல்ல நான் சொல்லமாட்டேன். வாடிவாசலை விட்டுப் பாயும் காளையைக் கையால் ஃபோகஸ் செய்து தொடர்வது பெரும்பாலும் நடவாத காரியம். கூட்டத்தை எடுப்பது வேறு: 28 மி.மீ. பழைய லென்ஸ் ஒன்று கிடைத்தால், எஃப்/8-இல் 3.3 மீட்டருக்கு வளையத்தை வைத்துவிட்டால், சுமார் 1.7 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை எல்லாமே தெளிவாக விழும். மாசி வீதிகளில் தேரோட்டத்தன்று ஃபோகஸைத் தொடாமலேயே எடுத்துக்கொண்டு போகலாம். உங்களிடமுள்ள இரண்டு லென்ஸ்களுக்காக ஓர் அடாப்டர் வாங்குவது நியாயமான செலவு. பீரோவில் எதுவும் இல்லாதவர் விலை மலிவு என்றெண்ணி ஹீலியோஸைத் தேடி அலைவதை விட, ஆட்டோஃபோகஸ் உள்ள 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது.