செலக்டிவ் பள்ளிக்காகக் கிரவீனில் வீடு தேடாதீர்கள்

தம்பி, பையன் 4ஆம் வகுப்பு, வேலை விசாவில் சிட்னி வருகிறோம், எந்த ஏரியாவில் வீடு எடுத்தால் செலக்டிவ் ஸ்கூல், அதாவது நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி, கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர், கார், மளிகை பற்றியும் கேட்டீர்கள். அதெல்லாம் வந்தால் தானாகப் பழகிவிடும்.

ஏரியாவுக்கும் செலக்டிவுக்கும் சம்பந்தமே இல்லை. ஜேம்ஸ் ரூஸ், பால்க்கம் ஹில்ஸ், கிரவீன் மாதிரி சிட்னியின் முழு செலக்டிவ் பள்ளிகளுக்கு இந்தத் தெருவுக்குள் குடியிருக்க வேண்டும் என்ற எல்லை கிடையாது, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குடியிருந்தால் போதும். பாரமட்டா ஹை போன்ற பாதி செலக்டிவ் பள்ளிகளில் மட்டும், அதுவும் தேர்வு இல்லாமல் சேரும் பொது இடங்களுக்குத்தான் எல்லை பார்ப்பார்கள். இருந்தும் நம்மவர்கள் பள்ளி வாசலிலேயே வீடு வேண்டும் என்று விலையை ஏற்றிவிட்டார்கள்.

முதலில் விசாவைக் கவனியுங்கள். உங்களைப் போல வேலை விசாவில் வருபவர்கள் குடியுரிமையோ பி.ஆரோ (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்காமல் சேர முடியாது. 7ஆம் வகுப்பில் சேர்வதற்கான தேர்வு 6ஆம் வகுப்பில், மே மாதம். விண்ணப்பமோ 5ஆம் வகுப்பு முடியும் நவம்பரிலேயே திறந்து பிப்ரவரியில் மூடிவிடும். மார்ச்சில் வந்து இறங்கினால் அந்த ஆண்டு போச்சு. பிறகு 8ஆம் வகுப்பு முதல் காலியிடம் விழுந்தால்தான் உண்டு.

வாசிப்பு, கணிதம், சிந்தனைத் திறன், எழுத்து என நான்கு தாள், தலா 25%. கணிதத்தில் 40 நிமிடத்துக்கு 35 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது. தவறான விடைக்கு மார்க் குறையாது, ஒன்றையும் விடாமல் குறிக்கச் சொல்லுங்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் கணக்கில் புலி, ஆனால் பாதி மதிப்பெண் ஆங்கிலத்தில் இருக்கிறது. 30 நிமிட எழுத்துத் தாளில் மின்னஞ்சல் கேட்பான், நாட்குறிப்பு கேட்பான். டியூஷனில் மனப்பாடம் செய்த கதையை அங்கே ஒட்டினால் மார்க் போச்சு. தினமும் அரை மணி நேரம் நல்ல ஆங்கிலப் புத்தகம் வாசித்தால், வாரக் கடைசி மாதிரித் தேர்வுகளைவிடப் பலன் அதிகம். தேறிப் போன பிறகும் அந்த வாசிப்புதான் கைகொடுக்கும். பயிற்சித்தாள் பழக்கத்தில் மட்டும் உள்ளே போனவர்கள் 7ஆம் வகுப்பிலேயே திணறுகிறார்கள்.

முன்பு ஆரம்பப் பள்ளி மார்க்கும் கணக்கில் வரும், ஆசிரியரின் மதிப்பீட்டுக்கும் எடை இருந்தது. இப்போது ஒரே தேர்வுதான். 20% வரை இடம் வசதி குறைந்தவர்கள், பூர்வகுடிகள், தொலைதூர ஊர்ப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 'எங்கள் பிள்ளை இடத்தைப் பிடுங்கிவிட்டார்கள்' என்று இங்கே புலம்பாத ஆள் குறைவு. ஆனால் மற்றவர்களுக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்கு அருகில் வந்தவர்களுக்குத்தான் அந்த இடம், மிஞ்சினால் பொதுவுக்கே திரும்பும். ஆயிரக்கணக்கில் டாலர் கட்டிப் பயிற்சி கொடுப்பவர்கள் நியாயம் பேசும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

விண்ணப்பத்தில் மூன்று பள்ளிகள் வரை விருப்ப வரிசைப்படி தரலாம். மூன்றையும் ஜேம்ஸ் ரூஸ் மாதிரி கடும் போட்டியுள்ள பள்ளிகளாகப் போட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். மூன்றாவதை எட்டும் பள்ளியாக வையுங்கள். முடிவில் மார்க் வராது. தேர்வு எழுதியவர்களில் முதல் 10%, அடுத்த 15%, அடுத்த 25%, மீதிப் பாதி, இதில் எந்தப் பிரிவு என்று மட்டும் போடுவான். 'உங்க பையன் எவ்வளவு?' என்று கோயிலில் நாலு பேர் கேட்பார்கள், அந்தப் பிரிவைச் சொல்லிவிட்டு நகருங்கள்.