1944 சிகாகோவில் ‘ரேஷன் கடை’ கிடையாது

கேள்வி: 1944 ஏப்ரலில் சிகாகோவில் நடப்பதாக ஒரு சிறுகதை எழுதுகிறேன். கணவன் போர்முனையில். மனைவி ரேஷன் கடை வரிசையில் நின்று, கூப்பனைக் கொடுத்து இறைச்சியும் காபியும் வாங்குகிறாள். காட்சி சரியாக இருக்கிறதா?

பதில்: கடையை மாற்றுங்கள். நம்மூர்போல அரசு மலிவு விலைக்குப் பொருள் தரும் தனிக் கடை அங்கே இல்லை. அவள் போவது வழக்கமான தெருமுனை இறைச்சிக் கடைக்குத்தான். கூப்பன் பணத்துக்கு மாற்றும் அல்ல. முழு விலையையும் கொடுத்து, அதற்குமேல் அந்தப் பொருளுக்கு அரசு வகுத்த புள்ளிகளையும் ஸ்டாம்பாகக் கொடுக்க வேண்டும். பணம் இருந்து புள்ளி தீர்ந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். உங்கள் கதைக்கு வேண்டிய இறுக்கம் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் கைக்குழந்தை உட்பட ஆளுக்கொரு ரேஷன் புத்தகம். நீங்கள் சொல்லும் கூப்பன் அதில் இருக்கும் ஸ்டாம்ப்தான். இறைச்சி, வெண்ணெய், சமையல் கொழுப்புக்குச் சிவப்பு ஸ்டாம்ப். டின்னில் அடைத்த காய், பழங்களுக்கு நீல ஸ்டாம்ப். ஸ்டாம்பை வீட்டிலேயே கிழித்துப் பையில் போட்டுவரக் கூடாது. கடைக்காரர் கண்ணெதிரே கிழிக்க வேண்டும்.

1944 பிப்ரவரி 27 முதல் ஒரு ஸ்டாம்ப் 10 புள்ளி. மீதிக்குச் சில்லறையாக, பத்து சென்ட் நாணயத்தைவிடச் சற்றே சிறிய டோக்கன் வில்லைகள் வந்தன. ஒன்றுக்கு ஒரு புள்ளி. அவள் வாங்குவது 17 புள்ளி என்றால், இரண்டு ஸ்டாம்ப் கொடுத்து மூன்று சிவப்பு வில்லை திரும்பப் பெறுவாள். (1943-இல் நடக்கும் கதைகளிலும் இந்த வில்லைகள் உருளுவது வழக்கமான பிழை.)

காபிக்கு ஸ்டாம்ப் வேண்டாம். அந்தக் கட்டுப்பாடு 1943 ஜூலையிலேயே நீங்கிவிட்டது. கதையை மே மாதத்துக்கும் தள்ளாதீர்கள்: மாதத் தொடக்கத்திலேயே மாட்டிறைச்சியின் ஸ்டேக், ரோஸ்ட் துண்டுகள் தவிரப் பெரும்பாலான இறைச்சிக்குப் புள்ளி தேவையில்லை என்றாகிவிட்டது. புள்ளி போதாதவளுக்குக் கோழியும் பச்சை மீனும் எப்போதும் உண்டு. அவற்றுக்குப் புள்ளியே இல்லை.

அடுப்படியில் வாயகன்ற ஒரு தகர டப்பா வையுங்கள். பொரித்து மிஞ்சிய கொழுப்பைச் சமையலுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, இனி உதவாது என்றானதும் வடிகட்டி அதில் ஊற்றுவார்கள். வடிகட்டாவிட்டால் அடியில் தங்கும் துணுக்குகளால் கெட்டுவிடும். குளிர்ந்த இடத்தில் வைக்காவிட்டால் சிக்கு நாற்றம் எடுக்கும். அதிலிருந்து எடுக்கும் கிளிசரின் வெடிமருந்துக்குப் போனது. இறைச்சிக் கடையில் கொடுத்தால் ஒரு பவுண்டுக்கு 4 சென்ட்டும் 2 சிவப்புப் புள்ளியும். 17 புள்ளிக்கு இரண்டு குறைந்து நிற்கும் உங்கள் நாயகி அந்த டப்பாவோடு வரலாம். கண்ணாடிப் புட்டி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; உடையும் என்பதால் அதை வேண்டாம் என்றே சொல்லியிருந்தார்கள்.