“அதை விடுங்கள்” என்று எப்படி எழுதினீர்கள்?

கேள்வி: கான்பெராவில் வசிக்கிறோம். கணவர் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கிறார். ஸ்நோயி மலை நீர்மின் திட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஏழு வருடமாகப் புத்தகம் எழுதுகிறார். பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் திட்டம் நடந்த பக்கத்து ஊரான கூமாவில் இருக்கும் பாட்டிகளிடம் பேசி, அந்தக் காலத்துக் கதைகளைப் பதிவு செய்தது நான்தான். முன்னுரையில் ‘நான் நேரில் கேட்ட கதைகள்’ என்கிறார், அதை விடுங்கள். இவரைப் பிள்ளைகளோடு எப்படி உட்கார வைப்பது?

பதில்: வீட்டை மறந்த கணவர்களைப் பற்றி மாதம் பத்துக் கடிதமாவது எனக்கு வருகிறது. அதனால் ஆறுதல் சொல்லப் போவதில்லை. ‘அதை விடுங்கள்’ என்றீர்களே, நான் விடமாட்டேன்.

உங்கள் ஊரிலேயே, ஃபாரஸ்ட் பகுதியில், வரலாற்றாசிரியர் மேனிங் கிளார்க் வாழ்ந்த வீடு இருக்கிறது. ஏணி மாதிரி செங்குத்தான படியில் ஏறிப் போனால் அவருடைய எழுத்தறை. 1962 முதல் 1987 வரை ஆறு தொகுதிகளாக ஆஸ்திரேலிய வரலாறு எழுதினார். கீழே ஆறு பிள்ளைகளோடு மனைவி டிம்ப்னா. பல மொழிகள் கற்றவர். ஜெர்மனியின் பான் நகரில் படித்துக்கொண்டிருந்தவர், 1939இல் கிளார்க்கை மணந்துகொண்டு படிப்பை விட்டார்.

1938 நவம்பரில் ஒரே இரவில் நாஜிகள் ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளையும் ஜெபக்கூடங்களையும் நொறுக்கினார்கள். மறுநாள் பானில் அந்த அழிவைப் பார்த்தவர் டிம்ப்னா. கிளார்க் அங்கே போனதே இரண்டு வாரம் கழித்துத்தான். ஆனால் அந்தக் காலையில் தானே அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய மார்க் மெக்கென்னா 2007இல் இதை வெளியே சொன்னார். அதற்குள் இருவருமே காலமாகிவிட்டார்கள். அத்தனை பெரிய படைப்பைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் இந்தப் பேச்சு கூடவே வருகிறது. உங்கள் கணவருக்கு இது தெரியாமல் இருக்காது.

நீங்கள் பெருந்தன்மை என்று நினைத்துச் செய்வது அவருக்குக் கெடுதல், அம்மா. அந்தப் பாட்டிகள் கதவைத் திறந்தது உங்களை நம்பித்தானே? அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். நானும் நிறைய விட்டுக்கொடுத்தவள்தான். நேரத்தைக் கொடுக்கலாம், தூக்கத்தைக் கொடுக்கலாம். நடந்ததை மாற்றிச் சொல்ல விட்டுக்கொடுக்கக் கூடாது.

சரி, பிள்ளைகள். அவர்களோடு உட்காருவது தகப்பன் கடமை, சலுகை இல்லை, கெஞ்சாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பதிவு செய்ததில் ஒன்றை வீட்டில் எல்லோரும் கேட்கும்படி போடுங்கள். அதில் கேள்வி கேட்பது அம்மாவின் குரல் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும். அப்புறம் முன்னுரையை அவர் முன்னால் வைத்து, அந்த வரியில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன்பே.