பெண் சிலந்தி என்றால் உரித்த தோலைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு ஊர் வலங்கைமான் பக்கம். கும்பகோணத்தில் மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். வயது 24. டாரன்டுலா என்கிற பெரிய ரோமச் சிலந்தி வளர்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இன்ஸ்டாகிராமில் ஒருவர் விற்கிறார். ‘மெக்சிகன் ரெட் நீ’ (கால் மூட்டு சிவந்திருக்கும் வகை) குட்டி 3,500 ரூபாய், ஐந்து இன்ச் பெண் 18,000, ஜோடியாக எடுத்தால் 25,000 என்கிறார். ராமேஸ்வரம் பக்கம் பிடித்த மரச்சிலந்தி ஒன்றை 1,500-க்குத் தருவதாகவும் சொன்னார். பேப்பர் எதுவும் தேவையில்லை, பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன் என்கிறார். இது நியாயமான விலையா? எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? அம்மா வேறு, அது வந்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்கிறார்.
– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: தம்பி, பேப்பர் தேவையில்லை என்று சொல்கிற ஆளிடம் இந்த நாலில் எதையுமே வாங்காதீர்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் விலை நியாயமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு முழுப் பதில் சொல்லியாக வேண்டும். நாளைக்கு ஒழுங்கான ஒருவரிடம் வாங்கும்போது கை கொடுக்கும்.

டாரன்டுலாவின் விலை முக்கியமாக வயதை வைத்தும், ஆணா பெண்ணா என்பதை வைத்தும்தான் ஏறி இறங்கும். ரெட் நீ மிக மெதுவாக வளரும் சிலந்தி. ஒரு முட்டைப் பையில் சில நூறு குஞ்சுகள் வரும். அதனால் குட்டி மலிவு. அதே குட்டி பெண்ணாக இருந்து பருவத்துக்கு வர ஆறேழு வருஷம் ஆகிவிடும். அத்தனை வருஷம் தீனி போட்டு வளர்த்தவர் குட்டி விலையைப் போல ஐந்து மடங்கு கேட்டால் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். பெண் சிலந்தி இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். ஆண் அப்படி இல்லை. பருவத்துக்கு வந்த ஆணுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதோடு சரி.

அதனால் 18,000 ரூபாய் சரியா தப்பா என்பது, அது நிஜமாகவே பெண்தானா என்ற ஒரே கேள்வியில் நிற்கிறது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மேலாகப் பார்த்து எடுத்த போட்டோவை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம் இல்லையா, அது மாதிரி இதற்கு உரித்த தோலைக் கேட்க வேண்டும். வளர வளர டாரன்டுலா தோல் உரிக்கும். அந்தத் தோல் கால், பல், ரோமம் எல்லாவற்றோடும் முழுச் சிலந்தி போலவே கிடக்கும். வயிற்றுப் பகுதி மட்டும் கசங்கிச் சுருண்டிருக்கும். அதை ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் விரித்து, உள்பக்கத்தைப் பாருங்கள். நுரையீரல் இருந்த இடம் நாலு வெள்ளைத் திட்டாகத் தெரியும். முன்னால் இருக்கிற இரண்டு திட்டுக்கும் நடுவே ஒரு குறுக்கு மடிப்பு. பெண்ணாக இருந்தால் அந்த மடிப்பை ஒட்டித் தட்டையாக ஒரு சின்னப் பை எழுந்து நிற்கும். விந்தைச் சேர்த்து வைக்கிற பை அது. ஆணுக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஐந்து இன்ச் சிலந்தி என்றால் சாதாரண பூதக்கண்ணாடியிலேயே தெரியும். மொபைல் ரிப்பேர் செய்கிறவர் நீங்கள், போர்டு பார்க்கிற மைக்ரோஸ்கோப் கடையிலேயே இருக்குமே.

விற்கிறவர் அந்தத் தோலை விரித்து வைத்து எடுத்த படத்தை அனுப்பட்டும். தோலைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றால், பாலினம் தெரியாத சிலந்திக்கு என்ன விலையோ அதுதான் அதற்கும் விலை. அப்புறம் முன்னங்கால் இரண்டையும் நெருக்கமாக எடுத்த ஒரு படம் கேளுங்கள். வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிக் கைகளின் நுனி உருண்டு தடித்திருந்து, முதல் ஜோடிக் காலின் உட்புறம் கொக்கி மாதிரி ஒன்று தெரிந்தால், அது வயது முதிர்ந்த ஆண். கால் நீளமாக, வயிறு சிறுத்து இருக்கும். காலை நீட்டி அளந்தால் ஐந்து இன்ச் சுலபமாக வந்துவிடும். விவரம் தெரியாதவர் பெரிய சிலந்தி என்று நினைத்து வாங்கிவிடுவார். சில மாதத்தில் அது செத்துப் போகும், தன் வளர்ப்புதான் சரியில்லை என்று மனசு உடைந்து போவார்.

ஜோடி என்கிற பேச்சையே விட்டுவிடுங்கள். டாரன்டுலா தனியாக வாழும் பிராணி. இரண்டை ஒரே பெட்டியில் விட்டால் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். 25,000 என்றால், சில மாதம் மட்டுமே இருக்கப்போகிற ஆணுக்கு நீங்கள் 7,000 ரூபாய் தருகிறீர்கள் என்று கணக்கு.

முதல் தடவை வளர்க்கிறவருக்கு நான் சொல்வது, வளர்ப்பில் பிறந்து ஓரளவு தேறிய குட்டி. ஒரு இன்ச்சிலிருந்து ஒன்றரை இன்ச் வரை இருக்கட்டும். முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன பொடிக் குஞ்சு விலை குறைவுதான், ஆனால் ஒரு நாள் ஈரம் காய்ந்தாலும் தாங்காது. அளவை ஒரு பக்கத்து முன்னங்கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பின்னங்கால் நுனி வரை குறுக்காக அளப்பார்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அறிவியல் பெயரையும் எழுதி வாங்குங்கள். ரெட் நீ என்ற பெயரில் இரண்டு இனம் இருக்கிறது: பிராக்கிபெல்மா ஹமோரி, பிராக்கிபெல்மா ஸ்மித்தி. 2017-ல் இவற்றைப் பிரித்து ஆராய்ந்தபோதுதான், அதுவரை ஸ்மித்தி என்று உலகம் முழுக்க விற்றதில் பெரும்பகுதி ஹமோரி என்று தெரிந்தது. எந்தப் பெயர் என்று சொல்லத் தெரியாதவருக்கு, தன்னிடம் இருப்பது எங்கே பிறந்தது என்பதும் தெரிந்திருக்காது. அதே இனம், அதே அளவுக்கு மூன்று நாலு பேரிடம் விலை கேளுங்கள். பேரம் பேசுவதென்றால் ஐநூறு ரூபாய் குறைப்பதைவிட, உயிரோடு கைக்கு வரும் என்ற உத்தரவாதத்துக்காகப் பேசுங்கள். சித்திரை வெயிலில் பஸ் டிக்கியில் எட்டு மணி நேரம் கிடந்து வருகிற பார்சலுக்கு நான் ஒரு ரூபாய்கூட முன்பணம் தர மாட்டேன். நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது பேப்பர். ரெட் நீ சிலந்திகளை மெக்சிகோவில் காட்டிலிருந்து அள்ளி அள்ளி விற்றார்கள். மெதுவாக வளர்கிற இனம் என்பதால் அந்த இழப்பைத் தாங்கவில்லை. 1985-லேயே ஸ்மித்தி, சைட்டிஸ் என்கிற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்கு வந்துவிட்டது. பிறகு பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும் வந்தது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தியபோது சைட்டிஸ் உயிரினங்களை நான்காம் அட்டவணையாகச் சேர்த்தார்கள். 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. அதன்படி இப்படி ஒரு பிராணி கைக்கு வந்த 30 நாளுக்குள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்கிறவரும் பதிந்திருக்க வேண்டும், கைமாறுவதையும் தெரிவிக்க வேண்டும்.  வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்றால் இறக்குமதி உரிமமும் வேண்டும்.

இதெல்லாம் ஏட்டளவில் என்று நினைக்காதீர்கள். 2021 ஜூலையில் போலந்திலிருந்து தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கு வந்த தபால் பார்சலைச் சென்னையில் சுங்கத்துறையினர் பிரித்தார்கள். வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய குட்டிக் குப்பிகள், 107 குப்பியிலும் உயிரோடு சிலந்தி. ரெட் நீயின் பேரினமும் அதில் இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். உரிமம் இல்லாததால் பறிமுதல் செய்து, வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும்படி ஆனது. பதிவு எண் இல்லாத சிலந்தியை எவ்வளவு மலிவாக வாங்கினாலும், அதை நீங்கள் வெளிப்படையாக வைத்துக்கொள்ளவும் முடியாது, நாளைக்கு இன்னொருவரிடம் கொடுக்கவும் முடியாது. சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

அந்த 1,500 ரூபாய் மரச்சிலந்தியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. நாலில் அதுதான் மலிவாகத் தெரியும், ஆனால் நாலில் மோசமானது அதுதான். ராமேஸ்வரம் தீவில் கண்டுபிடித்து 2004-ல் பெயர் வைத்த போசிலோதேரியா ஹனுமவிலாசுமிகா என்ற மரச்சிலந்தி இருக்கிறது. அங்கேயுள்ள ஒரு கோயிலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அந்தத் தீவையும் அதை ஒட்டிய கரையையும் இலங்கையின் மன்னார் பக்கத்தையும் தவிர வேறெங்கும் அதற்குப் பெரிதாக இடமில்லை. அழியும் விளிம்பில் இருப்பதாக ஐயுசிஎன் என்கிற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிற இந்தப் பேரினம் முழுவதும் 2019-ல் சைட்டிஸ் பட்டியலுக்கு வந்துவிட்டது. அவர் பிடித்தது இதுவாக இருந்தாலும் சரி, இதன் பங்காளியாக இருந்தாலும் சரி, ஒரு மரப்பொந்திலிருந்து முட்டையிடும் பெண்ணைப் பிடுங்கி வந்தால் அந்தத் தோப்பில் அடுத்த தலைமுறைக்கு ஆள் இல்லை. இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடித்தால் உயிர் போகாது, ஆனால் இந்த வகைச் சிலந்தியின் கடியில் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விடாது. வேகமாக ஓடும். புதிதாக வளர்க்கிறவர் கையில் இருக்கக் கூடாதது.

நம் பக்கத்தில் டாரன்டுலா வளர்க்கிறவர்களுக்குச் சென்னைக்காரர்களுக்கு இல்லாத கவலை ஒன்று உண்டு. மருந்து. குறுவை, சம்பா இரண்டிலும் வயலில் மருந்து அடிக்கிறோம். வரப்பில் பிடித்த வெட்டுக்கிளியைத் தீனியாகப் போட்டால் அதன் உடம்பில் இருக்கும் மருந்து சிலந்தியைக் கொன்றுவிடும். வீட்டுக் கரப்பானும் அப்படித்தான். தீனிக்கென்றே வளர்த்து விற்கிற சுவர்க்கோழி, மீல்வார்ம் புழு மட்டும் போடுங்கள். சிலந்தி இருக்கிற அறையில் கொசுவத்தி, கொசு லிக்விட், ஸ்பிரே எதுவும் கூடாது. தெருவில் கொசுப்புகை அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்துங்கள். எறும்பு வருகிறதே என்று சாக்பீஸ் போட்டுக் கோடு கிழிக்கவே கிழிக்காதீர்கள், அதிலும் பூச்சிமருந்துதான் இருக்கிறது. பெட்டியை ஒரு பலகையில் வைத்து, பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பை லேசாக எண்ண வேண்டாம். தோல் உரிக்கும்போது டாரன்டுலா மல்லாந்து படுத்து மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று தொட்டுவிடாதீர்கள். உரித்த பிறகு உடம்பு இறுகும்வரை பல்கூட மிருதுவாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு சுவர்க்கோழியே அதைக் கடித்துக் கொன்றுவிடும், எறும்புக் கூட்டம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

செலவு பெரிதாக இல்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தேங்காய் நார்க்கழிவுக் கட்டி கிடைக்கும். நன்றாக அலசி, பிழிந்து, பெட்டியில் பாதி உயரத்துக்குப் போடுங்கள். உயரமான பெட்டி வேண்டாம். ஒரு முழம் உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துவிடலாம். ஓட்டு வீடோ ஷீட் வீடோ என்றால் கோடைக்கு எந்த அறை குளிர்ச்சி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் பற்றி. அவர் பயத்தைக் கேலி செய்யாதீர்கள், தெரியாமல் கொண்டுவந்து வைக்கவும் வேண்டாம். ரெட் நீ பயந்தால் பின்னங்காலால் வயிற்று ரோமத்தைத் தேய்த்துப் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் பூட்டு வைத்த பெட்டி, உங்கள் அறை, பெட்டியைத் திறப்பது நீங்கள் மட்டும், திறந்த பிறகு கை கழுவுவது என்று அவருக்கு வாக்குக் கொடுத்துச் சம்மதம் வாங்குங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் சிங்கப்பூர், துபாய் என்று போகிறவர்கள். நீங்களும் போனால் இருபது வருஷம் வாழும் அந்தப் பிராணியை யார் பார்ப்பது? தோப்பில் விட்டுவிடலாம் என்பது பதில் இல்லை; நம் மண்ணுக்குச் சொந்தமில்லாத உயிரை வெளியே விடவே கூடாது.

சரியான ஆள் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். மருந்து அடிக்காத வயல் ஒன்றில் சாயங்காலம் நெற்பயிரின் தூரைப் பிரித்துப் பாருங்கள். புகையான் பூச்சியைத் தின்று நமக்கு நெல்லைக் காப்பாற்றிக் கொடுக்கும் ஓநாய்ச் சிலந்தி அங்கே ஓடும். முட்டைப் பையை வால் பக்கம் ஒட்டிக்கொண்டு இழுத்துப் போகும். பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமக்கும். அம்மாவையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இன்று அந்த விற்பனையாளருக்கு இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: “அறிவியல் பெயர் என்ன, எங்கே பிறந்தது, கடைசியாக உரித்த தோலின் படம், உங்கள் பதிவு எண். நாலும் கிடைத்தால் நேரில் வந்து பார்க்கிறேன்.” பதில் வராவிட்டால் உங்கள் 18,000 ரூபாய் உங்களிடமே இருக்கும். நாலுக்கும் சரியான பதில் வந்தால், பதிவு எண்ணை வன அலுவலகத்தில் ஒருமுறை காட்டிக் கேட்டுவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.