மூன்று பஸ்ஸும் ஒன்றாகக் கிழடானால்?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்களிடம் ஐந்து பஸ் இருக்கின்றன. அதில் மூன்றை 2011 இல் ஒரேயடியாக லீசிங்கில் எடுத்தோம், முல்லைத்தீவுக்கு ஓடுகின்றன. இப்போது மூன்றும் மாறி மாறிக் கராச்சில்தான் நிற்கின்றன. விற்றுவிட்டு மூன்று புதுசு எடுக்கலாமா?"

எடுக்காதீர்கள். பஸ் பழசானதை விட மூன்றுக்கும் ஒரே வயது என்பதுதான் உங்களைப் படுத்துகிறது. சண்டை முடிந்து ஏ9 திறந்த கையோடு எடுத்தீர்கள், அப்போது வேறு வழி இருந்திருக்காது, சரி. ஆனால் இப்போதும் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் தவணை ஒன்றாக வரும், சில வருடத்தில் எஞ்சின் வேலையும் ஒன்றாக வரும், 2040 இல் இதே கேள்வியை உங்கள் மகன் எனக்கு எழுதுவார்.

பெரிய கம்பனிகள் போடுவதும் சின்னக் கணக்குத்தான். ஒரு பஸ்ஸுக்கு 15 வருடம் என்று வைத்தால் ஐந்து பஸ்ஸுக்கு மூன்று வருடத்துக்கு ஒன்று. உங்களுக்கு மாற்ற வேண்டியவை ஒன்றாகச் சேர்ந்துவிட்டதால் முதல் மூன்றையும் ஒன்றரை, இரண்டு வருட இடைவெளியில் மாற்றுங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்றபோது, இந்த வருடம் பார்ப்போம் அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

வயதை விடக் கிலோமீற்றர் முக்கியம். அமெரிக்காவில் அரசுப் பணத்தில் வாங்கும் பெரிய பஸ்ஸைக் குறைந்தது 12 வருடம் அல்லது 5 இலட்சம் மைல், அதாவது சுமார் 8 இலட்சம் கிலோமீற்றர், ஓட்டியாக வேண்டும் என்று விதி. உங்கள் பஸ் நாளுக்கு 200 கிலோமீற்றர், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 14 வருடத்தில் அதைத் தாண்டிவிடும், அதுவும் நம்முடைய கிரவல் தூசியில்.

எதை முதலில் கழிப்பது? ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கொப்பி போடுங்கள். கடந்த 12 மாதத் திருத்தச் செலவு, கராச்சில் நின்ற நாட்களில் போன வருமானம், இரண்டையும் கூட்டி ஓடிய கிலோமீற்றரால் வகுத்தால் எது பணம் தின்கிறது என்று தெரியும். கூடவே ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப்போய் அடியில் படுத்துச் செசியை, அதாவது பஸ்ஸைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பாக இரவில் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் நிற்கும் பஸ்ஸை, உப்புக்காற்று சும்மா விடாது. செசி நல்லதென்றால் எஞ்சினை ஓவர்ஹோல் செய்து, பொடியைத் திருத்தி இன்னும் சில வருடம் ஓட்டலாம். வெல்டிங் மேல் வெல்டிங் என்றால் அதுதான் முதலில் போக வேண்டியது, அதற்கு இனி பிரேக், ஸ்டியரிங், ரயர் தவிர ஒரு சதமும் போடாதீர்கள். (புது சீற் உறையும் பாட்டுப் பெட்டியும் போட ஆசை வரும். வேண்டாம்.)

மூன்றும் ஒரே மொடல் என்றால் கழிக்கிற பஸ்ஸை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். அதன் கியர் பொக்ஸ், ஸ்டார்ட்டர், கண்ணாடி எல்லாம் மற்ற இரண்டுக்கும் உயிர். இரண்டாவதாக மாற்றுகிற பஸ் ஓடுகிற நிலையில் இருந்தால் பள்ளிக்கூட ஓட்டத்துக்கோ மாற்று வண்டியாகவோ வைத்திருங்கள்.

முற்பணம் கட்ட முதல், பெர்மிட்டில் வண்டி மாற்றுவது பற்றி மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையில் கேட்டுவிடுங்கள். புது பஸ் வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் ஓடத் தொடங்கினால் நல்லது, ஓகஸ்ட் மடுத் திருவிழா ஹயரும் சேர்ந்தால் முதல் சில தவணை அவ்வளவு கடிக்காது.